அண்ணனின் மரபணு, தம்பியின் மதிப்பெண்

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று, ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போன இரண்டு பிள்ளைகள். மூத்தவர் முனைவர் பட்டம் வரை போய்விடுகிறார். இளையவர் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார். இதற்கு உறவுக்காரர்களிடம் எப்போதும் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். படித்தவரைப் பற்றி, “தாத்தா மூளை அப்படியே வந்திருக்கு.” நின்றுபோனவரைப் பற்றி, “சேர்க்கை சரியில்லை.” முதல் விளக்கம் ரத்தத்தைக் கைகாட்டுகிறது, இரண்டாவது, சூழலை. அறிவியலும் நூறாண்டுக்கு மேலாக ஏறத்தாழ இதே இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றுதான் வாதாடியது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐஸ்லாந்து, நார்வே, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் லட்சக்கணக்கானோரின் டி.என்.ஏ.வை அவர்களுடைய படிப்பு விவரத்தோடு சேர்த்துவைத்துப் பார்க்க முடிந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் எதிர்பார்க்காத ஒன்று அதில் வெளிப்பட்டது. ஒருவர் எவ்வளவு படிக்கிறார் என்பதில், அவர் உடம்பிலேயே இல்லாத மரபணுக்களுக்கும் பங்கு இருக்கிறது. அம்மாவிடம் இருந்தும் அவருக்கு வராமல் போன மரபணு, அக்காவுக்கு வந்து அவருக்கு வராத மரபணு, இவையெல்லாம் அவருடைய படிப்பைத் தொடுகின்றன. அக்காவுக்குப் பிறவியாக அமைந்தது தம்பிக்குச் சூழலாகிவிடுகிறது.

குலுக்கலில் விழுவது

உடன்பிறந்தவர்கள் எந்த அளவுக்கு ஒன்று, எந்த அளவுக்கு வேறு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் ஒவ்வொருவருக்கும் 23 ஜோடிக் குரோமோசோம்கள். அப்பாவின் விந்தணுவுக்குள் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும்; எது போகும் என்பது குருட்டுக் குலுக்கல். 23 ஜோடிக்கும் தனித்தனியே குலுக்கினால் 83,88,608 விதமான விந்தணுக்கள் சாத்தியம். அம்மாவின் கருமுட்டைக்கும் இதே கணக்கு. இது போதாதென்று, பிரிவதற்கு முன் ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. சீட்டுக்கட்டைக் கலைப்பதற்கு முன் சீட்டுகளையே நறுக்கி மாற்றி ஒட்டிவிடுவது போன்ற வேலை இது.

இப்படிக் கலைத்துக் கொடுத்ததில், உடன்பிறந்த இருவருக்கும் சராசரியாகப் பாதி பொதுவாக அமையும். சராசரிதான் பாதி. பீட்டர் விஷரும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான உடன்பிறந்த ஜோடிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு ஜோடியிடம் 37 சதவீதம் மட்டுமே பொதுவாக இருந்தது. இன்னொரு கோடியில் அது 62 சதவீதத்தை எட்டியது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் குலுக்கல் ஒரு வரப்பிரசாதம். புது மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்துத்தான் சோதிப்பார்கள். மனிதர்களின் மரபணுவை வைத்து அப்படி ஒரு சோதனை நடத்த யாராலும் முடியாது. உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் இயற்கையே அதை நடத்திக் கொடுத்துவிடுகிறது. வீடு, ஊர், வருமானம், பெற்றோரின் படிப்பு, பாட்டன் முப்பாட்டன் எல்லாம் பொது. எந்தத் துண்டு யாருக்கு விழுந்தது என்பதில் மட்டும்தான் பெற்றோரின் வசதியோ விருப்பமோ நுழைய முடியாது.

மூன்று இடங்களிலிருந்து நான்காயிரம் வரை

இரட்டையர் ஆய்வுகள் இந்தக் கதையின் பழைய அத்தியாயம். உருவொத்த இரட்டையருக்கு டி.என்.ஏ. முழுதும் ஒன்று, மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. இரு வகையினரும் படிப்பில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று ஒப்பிட்டு மரபின் பங்கைக் கணக்கிடுவார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 28 இரட்டையர் குழுக்களை ஒன்றாகத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, மக்களிடையே காணப்படும் கல்வி வேறுபாட்டில் 43 சதவீதம் மரபோடும், 31 சதவீதம் இருவருக்கும் பொதுவான குடும்பச் சூழலோடும் சேரும் என்றது. ஆனால் இந்த முறையில் ஒரு மரபணுவைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் ஒப்புமையிலிருந்து செய்யும் அனுமானம்.

டி.என்.ஏ.வையே நேரடியாகப் படித்த முதல் பெரிய ஆய்வு 2013இல் வந்தது. 1,26,559 பேரைச் சலித்ததில், படிப்போடு தொடர்புள்ள மூன்றே மூன்று இடங்கள் உறுதியாகக் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளைவும் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு. 2018இல் 11 லட்சம் பேரை எடுத்துக்கொண்டபோது இடங்கள் 1,271 ஆயின. 2022இல் 30 லட்சம் பேர், 3,952 இடங்கள். தேடத் தேட இடங்கள் கூடின. ஒவ்வொன்றின் பங்கும் அற்பமாகவே இருந்தது. ‘படிப்புக்கான மரபணு’ என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

அற்பமான அந்தப் பங்குகளையெல்லாம் கூட்டினால் ஓர் ஆளுக்கு ஓர் எண் கிடைக்கும். அதற்குப் பல்மரபணு மதிப்பெண் என்று பெயர். ஐரோப்பிய வம்சாவளியினரிடையே கல்வியில் காணப்படும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை இந்த மதிப்பெண்ணோடு பொருத்திக்காட்ட முடிகிறது. இது புத்திக்கூர்மையை மட்டும் அளப்பதாக நினைத்துவிடக் கூடாது. 2021இல் வந்த ஓர் ஆய்வு, படிப்போடு தொடர்புள்ள மரபணு வேறுபாட்டில் 57 சதவீதம், அறிவுத்திறன் தேர்வுகளில் பிடிபடாத பண்புகளோடு சேர்ந்தது என்று காட்டியது. உட்கார்ந்து படிக்கும் பொறுமை, ஆசையைத் தள்ளிவைக்கும் சுபாவம், புதியதை அறியும் ஆர்வம் போன்றவை அதற்குள் அடங்கும்.

இனி இந்த மதிப்பெண்ணை உடன்பிறந்தவர்களிடையே சோதிப்போம். அண்ணன் தம்பி இருவரில் மதிப்பெண் கூடியவர் கூடுதலாகப் படித்திருக்கிறாரா? ஆம், சராசரியாகப் படித்திருக்கிறார். அமெரிக்க, பிரிட்டன் குடும்பங்களை வைத்து 2018இல் டேனியல் பெல்ஸ்கி குழுவினர் இதைக் காட்டினார்கள். ஆகவே ‘எல்லாம் வளர்ப்பு’ என்ற கட்சி தோற்றது.

ஆனால் எதிர்க்கட்சியால் கொண்டாட முடியவில்லை. 19 ஆய்வுத் தொகுப்புகளிலிருந்து 1,78,086 உடன்பிறந்தவர்களை எடுத்து 2022இல் ஒரு சர்வதேசக் குழு இன்னொரு கேள்வி கேட்டது. ஊரில் யாரோ இருவரை ஒப்பிடும்போது மரபணுவுக்குத் தெரியும் விளைவு, ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடும்போதும் அதே அளவு தெரிகிறதா? உயரத்தைப் பொறுத்தவரை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. படிப்பைப் பொறுத்தவரையோ கிட்டத்தட்டப் பாதி காணாமல் போயிற்று. ‘மரபணுவின் விளைவு’ என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பிள்ளையின் உடம்புக்குள்ளிருந்து வேலை செய்யவில்லை. அப்படியானால் எங்கிருந்து?

கொடுக்காமல் போன மரபணு

இதற்கு ஐஸ்லாந்திலிருந்து ஏற்கெனவே ஒரு பதில் வந்திருந்தது. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு அது. ரெய்க்யாவிக்கிலுள்ள டிகோட் நிறுவனம் நாட்டின் வயதுவந்தோரில் பெரும்பகுதியினரின் மரபணு விவரத்தைத் திரட்டி வைத்திருக்கிறது. தாய், தந்தை, பிள்ளை என்று குடும்பமாகவே பார்க்க வசதி. அகஸ்டின் காங் தலைமையிலான குழு 2018இல் செய்த சோதனை, யோசிக்க எளியது. ஆனால் அதற்குமுன் இவ்வளவு பெரிய அளவில் யாரும் செய்திராதது.

ஒவ்வொரு மரபணு இடத்திலும் அம்மாவிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். மற்றது அவரிடமே நின்றுவிடுகிறது. அப்பாவும் அப்படியே. பெற்றோர் கொடுத்த பிரதிகளைக் கூட்டினால் பிள்ளையின் சொந்த மதிப்பெண் வரும். காங் குழுவினர் கொடுக்காமல் நின்றுபோன பிரதிகளையும் தனியாகக் கூட்டினார்கள். அந்த மரபணுக்கள் பிள்ளையின் ஒரு செல்லில்கூட இல்லை. உயிரியல் வழியாக நேரே எதுவும் செய்ய அவற்றுக்கு வாய்ப்பே இல்லை. ஆனாலும், பெற்றோரில் ஒருவரது டி.என்.ஏ.வாவது கிடைத்த 21,637 பேரை வைத்துக் கணக்கிட்டபோது, கொடுக்காத பிரதிகள் பிள்ளையின் படிப்பின் மீது காட்டிய விளைவு, கொடுத்த பிரதிகளின் விளைவில் 29.9 சதவீதம் இருந்தது.

வழி என்னவென்று ஊகிப்பது கடினமல்ல. அந்த மரபணுக்கள் பெற்றோரின் உடம்பில் இருந்து, பெற்றோரின் படிப்பை, வேலையை, வருமானத்தை, பொறுமையைச் சற்றே பாதித்திருக்கும். வீட்டில் புத்தகம் இருப்பதும் இரவில் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காருவதும் அதன் தொடர்ச்சி. பிள்ளைக்கு அது சூழலாக வந்து சேர்கிறது.

பிரிட்டனின் யுகே பயோபேங்க் தொகுப்பில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 6,311 பேர் இருக்கிறார்கள். அவர்களை வளர்த்தவர்களின் மரபணுவும் அவர்களுடையதும் வேறு. ரோசா சீஸ்மன் குழுவினரின் 2020 ஆய்வில், பெற்றவரிடமே வளர்ந்தவர்களின் கல்வி வேறுபாட்டில் 7.4 சதவீதத்தை விளக்கிய அதே மதிப்பெண், தத்துப் பிள்ளைகளிடம் 3.7 சதவீதத்தைத்தான் விளக்கியது. சரிபாதி. மரபும் வளர்ப்பும் ஒரே வீட்டிலிருந்து வரும்போது ஒன்றின் கணக்கில் மற்றதும் ஏறிவிடுகிறது. இரண்டும் வேறு வீட்டிலிருந்து வரும்போது தனியே நிற்கிறது.

எல்லாவற்றையும் பெற்றோரின் வளர்ப்பு என்று எழுதிவிடவும் முடியாது. படித்தவர் படித்தவரையே மணப்பதால் மரபணுக்களும் ஒரே பக்கம் திரளுகின்றன. வசதியான குடும்பங்கள் சில ஊர்களில் குவிகின்றன. நார்வேயில் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரை சேர்த்துப் பார்த்த 2024 ஆய்வு ஒன்று, இந்த மறைமுக விளைவு அப்பா அம்மாவின் வளர்ப்பில் மட்டும் பிறப்பதல்ல, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவரும் குடும்ப நிலையில் வேர்கொண்டது என்று முடிவு கூறியது.

ஐஸ்லாந்துக் கணக்கில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அம்மா எனக்குக் கொடுக்காத பிரதி எங்கே போயிற்று? என் தங்கைக்குப் போயிருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. எனக்கு வராத மரபணு, பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் தங்கையின் உடம்பிலிருந்து என் படிப்பைத் தொட்டிருக்கலாம்.

கூண்டுக்குள் பல கோழி

ஓர் உயிரின் மரபணு இன்னோர் உயிரின் வாழ்வை வடிவமைக்கிறது என்பதைக் கால்நடை வளர்ப்பவர்கள் முன்பே அறிவார்கள். முட்டைக் கோழிகளில் அதிகம் இடுபவற்றையே பொறுக்கிப் பெருக்கினால் அடுத்த தலைமுறை கூடுதலாக இடும் என்பதுதான் பொதுப்புத்தி. ஆனால் கூண்டில் பல கோழிகளைச் சேர்த்து அடைக்கும்போது அது பொய்த்துப்போகும். அதிகம் இடும் கோழி, சில சமயம் மற்றவற்றைக் கொத்தி விரட்டித் தீனியைப் பிடித்துக்கொண்ட கோழி. அதன் வாரிசுகளை ஒரே கூண்டில் போட்டால் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும்.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் தனிக் கோழியை விட்டுவிட்டு, நன்றாக இட்ட கூண்டு எதுவோ அந்தக் கூண்டையே மொத்தமாகத் தேர்ந்து பெருக்கினார். அவர் 1996இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு, நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாக விழுந்தது. முட்டையும் கூடியது. எந்தக் கோழிக்கும் தனியாக ‘நல்ல மரபணு’ என்று மதிப்பிட்டுவிட முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் கோழிக்கு அது என்ன செய்கிறது என்பதும் அந்த மரபணுவின் கணக்கில் சேர வேண்டியிருந்தது.

மனித வீட்டில் இதை அளப்பது சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அக்காவுக்கு விழுந்த ஒரு மரபணுத் தொகுதி அவரை ஓராண்டு கூடுதலாகப் படிக்கவைக்கிறது. அக்கா படித்ததைப் பார்த்து, அந்தத் தொகுதி இல்லாத தங்கையும் மூன்று மாதம் கூடுதலாகப் படிக்கிறார். இருவரையும் ஒப்பிடும் ஆய்வாளரின் கண்ணுக்கு ஒன்பது மாத வித்தியாசம்தான் தெரியும். மரபணுவின் வேலை குறைவாகத் தோன்றும். அக்காவின் உதவியோ கணக்கிலேயே வராது. இதற்கு நேர்மாறாக, “அவளுக்குத்தான் படிப்பு, எனக்கு வராது” என்று தங்கை ஒதுங்கிவிட்டால், வித்தியாசம் பெருத்துத் தெரியும். உடன்பிறந்தவர்களை அளவுகோலாக வைத்து அளக்கிறோம். அந்த அளவுகோலின் இரு முனைகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. மரபணு வழியாக மட்டும் தேடிய ஆய்வுகளில் உடன்பிறந்தவர்களின் பங்கு பெற்றோரின் பங்கைவிடச் சிறியதாகவே பிடிபட்டிருக்கிறது. ஆகவே அதைத் தெளிவாகக் காண வேறு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

கட்-ஆஃபுக்கு அரை மதிப்பெண் மேலே

அந்தக் கதவைத் திறந்தவர்கள் பொருளாதார அறிஞர்கள். அக்கா படித்ததால் தங்கை படித்தாரா, அல்லது இருவரையும் படிக்கவைத்தது ஒரே பெற்றோரும் ஒரே மரபும்தானா? இதைப் பிரித்தறிய, அக்காவை மட்டும் தற்செயல் தொட்ட ஒரு தருணம் வேண்டும். கட்-ஆஃப் மதிப்பெண் அப்படிப்பட்ட தருணம். சிலே, குரோவேஷியா, ஸ்வீடன் நாடுகளில் கல்லூரிச் சேர்க்கை மதிப்பெண்ணின் அடிப்படையில் மையமாக நடக்கிறது. கட்-ஆஃபுக்கு அரை மதிப்பெண் மேலே நின்று இடம் பிடித்தவருக்கும், அரை மதிப்பெண் கீழே நின்று தவறவிட்டவருக்கும் திறமையிலோ குடும்பத்திலோ வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். வித்தியாசமெல்லாம் அதிர்ஷ்டம். ஆகவே இவ்விருவரின் தம்பி தங்கைகளும் பின்னாளில் வேறு வேறு முடிவு எடுத்தால், அதற்கு மூத்தவருக்குக் கிடைத்த இடம்தான் காரணம்.

இந்த மூன்று நாடுகளோடு அமெரிக்காவையும் சேர்த்து 2021இல் வெளிவந்த ஆய்வு தெளிவான விடை தந்தது. மூத்தவர் சேர்ந்த கல்லூரிக்கும் பாடத்துக்கும் இளையவர் விண்ணப்பிப்பதும் சேர்வதும் கூடுகிறது. மூத்தவர் நல்ல கல்லூரியில் சேர்ந்தால் இளையவர் கல்லூரி வாசலை மிதிக்கும் வாய்ப்பே கூடுகிறது. அதுவும், கல்லூரிக்குப் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாத குடும்பங்களில்தான் இந்த விளைவு அதிகம். கட்டணச் சலுகையோ, வீட்டுக்குப் பக்கம் என்பதோ இதை விளக்கவில்லை. மூத்தவர் சேர்ந்த படிப்பில் வெற்றி பெற்றால் பின்தொடர்வது கூடுகிறது. எந்த விண்ணப்பம், எந்தப் பாடம், உள்ளே போனால் என்ன நடக்கும், முடித்தால் என்ன கிடைக்கும் என்று வெளியில் யாரும் சொல்லித்தராத சங்கதிகள் சாப்பாட்டு நேரத்தில் கைமாறுகின்றன என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

டென்மார்க்கில் 1980களில் சில மேல்நிலைப் பள்ளிகளில் மட்டும் கணிதமும் அறிவியலும் சேர்ந்த ஒரு புதிய பாடத்தொகுப்பைச் சோதனையாக அனுமதித்தார்கள். அந்தத் தற்செயலால் மூத்தவர் அதை எடுத்த வீடுகளில், இளையவரும் கணித-அறிவியல் பாடங்களை எடுக்கும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதப் புள்ளிகள் கூடியது. வயது நெருங்கிய சகோதரர்களிடம் இது மிகுதி.

கிராமப்புறப் பாகிஸ்தானில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள். பெண்கள் பள்ளி பக்கத்தில் இருந்தால் மூத்த அக்கா படிப்பார். தம்பியின் பள்ளி தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை வைத்து ஜாவேரியா குரேஷி செய்த ஆய்வில், அக்கா கூடுதலாகப் படித்த வீட்டில் தம்பியின் எழுத்தறிவும் பள்ளிக்கல்வியும் கூடின. பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதன் பலனை அவள் பெறப்போகும் குழந்தையிடம்தான் தேடுவது வழக்கம். அவள் தாயாவதற்கு வெகுமுன்பே அது தம்பியிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

மூத்தவர் என்கிற பதவி

உடன்பிறந்தவர்களிடையே மரபணுக் குலுக்கலைத் தவிர இன்னொரு வேறுபாடு பிறப்பிலேயே நிர்ணயமாகிவிடுகிறது: வரிசை. நார்வேயின் முழு மக்கள்தொகைப் பதிவேடுகளை ஆராய்ந்த சாண்ட்ரா பிளாக் குழுவினர், பின்னால் பிறந்தவர்கள் சராசரியாகக் குறைவாகப் படிக்கிறார்கள் என்று 2005இல் காட்டினார்கள். பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் படிப்பு குறைகிறது என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் இந்த வரிசை விளைவின் நிழல்தான்.

காரணம் கருப்பையிலா, வீட்டிலா? இதற்கும் நார்வேதான் விடை சொன்னது. அங்கே 18, 19 வயது ஆண்கள் ராணுவத் தேர்வில் அறிவுத்திறன் சோதனையும் எழுதிவந்தார்கள். பெட்டர் கிறிஸ்டென்சன், டோர் பியெர்கெடால் இருவரும் 2,41,310 பேரின் மதிப்பெண்களை 2007இல் ஆராய்ந்தார்கள். முதல் பிள்ளைகள் இரண்டாம் பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு புள்ளி முன்னே நின்றார்கள். இரண்டாவதாகப் பிறந்தும், அண்ணனோ அக்காவோ குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்கள் எங்கே நின்றார்கள்? முதல் பிள்ளைகளுக்குப் பக்கத்தில். கருப்பைக்கு அவர்கள் இரண்டாமவர், வீட்டுக்கு மூத்தவர். வீட்டுக் கணக்குதான் மதிப்பெண்ணில் தெரிந்தது. நார்வேக் குடும்பங்களில் பல்மரபணு மதிப்பெண்ணைப் பார்த்த 2022 ஆய்விலும் வரிசைக்கு ஏற்ப மரபணு வேறுபடவில்லை. குலுக்கல் மூத்தவருக்குச் சலுகை காட்டுவதில்லை.

ஆனால் குலுக்கலில் விழுந்ததை வளர்த்தெடுப்பதில் வரிசைக்குப் பங்கு உண்டு. யுகே பயோபேங்கிலுள்ள உடன்பிறந்தவர்களை வைத்து டில்னோசா முஸ்லிமோவா குழுவினர் செய்த ஆய்வில், ஒரே அளவு கூடுதல் மரபணு மதிப்பெண், முதல் பிள்ளைக்குக் கூடுதல் படிப்பாக மாறியது. பின்னவருக்கு அவ்வளவு மாறவில்லை. தனிப் பிள்ளையாக இருந்த காலத்தில் பெற்றோரின் முழு கவனமும் கிடைத்தவருக்கு, பிறவியில் வந்தது வட்டியோடு பலன் தந்தது.

பெற்றோரும் சும்மா இருப்பதில்லை. ஒரு பிள்ளை சற்றுப் பின்தங்கினால் என்ன செய்கிறார்கள்? அமெரிக்கக் குடும்பங்களின் தரவை வைத்து அன்னா சான்ஸ்-டெ-கல்டேயானோவும் அனஸ்தாசியா தெர்ஸ்கயாவும் இதை ஆராய்ந்தார்கள். ஒரு பிள்ளையின் மரபணு மதிப்பெண் அப்படியே இருக்க, அதன் உடன்பிறந்தவரின் மதிப்பெண் குறைவாக இருந்தால், முதல் பிள்ளைக்குக் கிடைக்கும் பெற்றோர் கவனம் குறைகிறது. இருவரையும் சமமாகக் கரையேற்றப் பார்க்கிறார்கள். தம்பியின் மரபணு, அம்மாவின் நேரத்தை வழியாக்கிக்கொண்டு, அண்ணனின் படிப்பைத் தொட்டுவிடுகிறது. இரட்டையர் வீடுகளில் மட்டும் இப்படி ஈடுகட்டுவது தென்படவில்லை.

இந்த எண்கள் எங்கே செல்லும்?

மரபின் பங்கு இத்தனை சதவீதம் என்பது ஒரு சமூகத்தின், ஒரு காலத்தின் அளவு. நார்வே இரட்டையர்களை வைத்து 1985இல் வந்த ஆய்வில், 1940க்கு முன் பிறந்த ஆண்களின் கல்வியில் சுமார் 40 சதவீதமாக இருந்த மரபின் பங்கு, அதற்குப்பின் பிறந்தவர்களிடம் 70 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. இடையில் அவர்களுடைய மரபணு மாறிவிடவில்லை. பள்ளிக் கதவுகள் அகலத் திறந்தன. எஸ்டோனியாவில் சோவியத் ஆட்சி போனபின் வளர்ந்தவர்களிடம் டி.என்.ஏ. விளக்கும் கல்வி வேறுபாடு இரண்டு மடங்கானது.

ஐரோப்பியரிடம் கண்டெடுத்த மதிப்பெண்ணை வேறு மக்களுக்குப் போட்டுப்பார்க்கவும் முடியாது. 2018 ஆய்வின் மதிப்பெண், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் பத்து சதவீதத்துக்கு மேல் விளக்கியது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 1.6 சதவீதம்தான். நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு எச்சிலை எடுத்துப் பரிசோதித்து ‘இவர் எவ்வளவு படிப்பார்’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால், அந்தக் காகிதத்துக்குப் பெறுமானம் இல்லை.

செயற்கைக் கருத்தரிப்பில் கருக்களை மரபணு மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தருவதாக அமெரிக்காவில் நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. அந்தக் கருக்கள் எல்லாம் உடன்பிறந்தவை என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. ஊராரிடையே காட்டும் விளைவில் பாதிதான் ஒரே வீட்டுக்குள் மிஞ்சும் என்று மேலே பார்த்தோம். ஜெருசலேமின் ஷாய் கார்மி குழுவினர் 2019இல் போட்ட கணக்கில், பத்துக் கருக்களில் முதலிடத்தில் உள்ளதைத் தேர்ந்தாலும் சராசரியாகக் கிடைக்கும் லாபம் அறிவுத்திறன் அளவில் சுமார் 2.5 புள்ளி. நார்வேயில் மூத்தவராக வளர்ந்ததற்கே கிட்டத்தட்ட அந்த அளவு கிடைத்தது.

யாருடைய பட்டம்?

தமிழ்நாட்டில் 2010-11 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். சாதி, வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை. அண்ணன் பட்டம் வாங்கிவிட்டார் என்றால் வீடே பட்டம் வாங்கிவிட்டது என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது.

சிலேயும் டென்மார்க்கும் சொல்வதோடு ஒப்பிட்டால், அதில் பாதி உண்மை. முதல் பட்டதாரி தனி ஆள் அல்ல. பின்னால் வருபவருக்கு எந்தப் பிரிவில் சேரலாம், எந்தக் கல்லூரியைத் தவிர்க்கலாம் என்று சொல்ல வீட்டிலேயே ஓர் ஆள். ஆனால் அந்த ஆய்வுகளே ஒரு நிபந்தனையும் வைக்கின்றன. மூத்தவர் சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கே தேறினால்தான் இளையவர் பின்தொடர்வது கூடுகிறது. அரியர் வைத்து இரண்டாம் ஆண்டில் வெளியேறும் அண்ணனும் தம்பிக்கு ஒரு பாடம்தான்; அது வேறு பாடம். எனவே சேர்க்கைக் கட்டணத்தோடு அரசின் கை நின்றுவிடக் கூடாது. முதல் ஆளை முடிக்கவைப்பதற்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு மாணவர் கணக்கில் எழுதினால் அது அதிகமாகத்தான் தெரியும். அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வகுத்துப் பார்க்க வேண்டும். தங்கை தன் கட்டணத்தைத் தானே கட்டவேண்டியிருக்கும் வீட்டில், அண்ணன் சொல்லும் வழி மட்டும் போதுமா என்பதும் அப்போது சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி.

குலுக்கலில் யாருக்கு எது விழும் என்பதை எந்த அரசாலும் மாற்ற முடியாது. விழுந்ததை வைத்து ஒருவர் எவ்வளவு தூரம் போகிறார் என்பது மற்றவர்களிடமும் இருக்கிறது. அந்த மற்றவர்களில் மிக மலிவாகவும் மிக நெருக்கமாகவும் கிடைப்பவர், கூடப் பிறந்தவர்.